மயக்க விமானத்தில் வந்த மகள்

ஆட்டோ நிற்பதற்குள் நிலவழகி குதித்து வீட்டுக்குள் ஓடினாள். கூடத்தில் அப்பாவின் உடல். அவளுக்கு நெஞ்சு வெடித்தது. கண்ணில் மட்டும் ஈரமே இல்லை. அவள் வந்தது, டொராண்டோவிலிருந்து மதுரை வரை பயணிகளுக்கு மயக்க ஊசி போட்டே கொண்டுவரும் மலிவு விமானத்தில். அந்த ஊசியால் இறங்கிய பிறகும் ஒரு நாள் கண்ணீர் சுரக்காது.

“பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டு விடுறாளா பாரு, கல்நெஞ்சக்காரி!” என்று அத்தை ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

நிலவழகி கொல்லைப்புறம் ஓடி, விமானத்தில் கொடுத்த கண் சொட்டுமருந்தைப் பிதுக்கினாள். பின்னாலேயே வந்த அம்மா கதவைச் சாத்தினாள்.

“எனக்கும் ரெண்டு சொட்டு விடுடி. காலையிலேருந்து முந்தானையால மூஞ்சிய மூடியே சமாளிக்கிறேன்.”

“நீ எந்த விமானத்துலம்மா வந்தே?”

“நான் எங்கடி போனேன்? நாப்பது வருஷமா உங்கப்பாகூடத்தானே இருந்தேன்!”