டைமன் எட்டு

மழைக்கு முந்தைய மஞ்சள் வெளிச்சத்தில் மகள் சீட்டுக்கட்டைத் தரையில் வைத்தாள்.

மனைவி துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போயிருந்தாள்.

"ஒரே ஒரு ஆட்டம்ப்பா. சும்மா."

ஸ்கூல் வேனில் கைமாறிக் கைமாறி மெத்தென்று ஆகிவிட்ட கட்டு. இப்போதெல்லாம் வேனில் தன்னை யாருமே ஆட்டத்துக்குச் சேர்ப்பதில்லை என்று ஏதோ குறை சொன்னாள். அவர் காதில் அது பாதிதான் விழுந்தது.

சிகிச்சை இல்லத்திலிருந்து அவர் வீடு திரும்பிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. அங்கே எழுதிக் கொடுத்த மாத்திரைகள் பிற்பகல்களைத் தண்ணீருக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிடும். மின்விசிறி சோம்பலாகச் சுற்றும். சத்தங்கள் புறப்பட்டு வெகுநேரம் கழித்து வந்து சேரும்.

வேண்டாம் என்ற சொல் அந்த மிதப்பில் எங்கேயோ கிடந்தது. அவருக்கு எட்டவில்லை.

விரல்கள் கட்டைக் கலைத்தன.

நடுங்கவே இல்லை. காலையில் டீ கிளாஸைப் பிடிக்க முடியாத விரல்கள்.

ஒரு காலத்தில் பகலில் அவர் கணக்கு வாத்தியார். சாயங்காலம் கிளப்பில் அவருக்குக் 'கண்ணாடி' என்று பெயர். எதிரே இருப்பவன் கையில் உள்ள சீட்டெல்லாம் அவருக்குக் கண்ணாடியில் செய்ததுபோல. தெளிவாக இருக்கும்போது இந்த ஆளைத் தோற்கடிக்க முடியாது என்று கண்டுகொண்டவர்கள் ஊற்றிக் கொடுத்தார்கள். அப்புறம் யாரும் ஊற்றிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் வேலை போயிற்று. பின்னாலேயே சொந்த வீடு.

"ஜெயிக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு எந்திரிக்கத் தெரியல" என்பாள் மனைவி, கழுவுகிற பாத்திரத்திடம் சொல்வதுபோல.

ரம்மிதான். சீட்டுகள் தரையில் வழுக்கிக்கொண்டு போய் மகள் முழங்காலருகே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன.

அவள் கையை விரித்தாள். எதை எங்கே செருகுகிறாள், எதன்மேல் கண் ஒரு கணம் கூடுதலாக நிற்கிறது. அவர் பார்க்க நினைக்கவில்லை. தானாகவே தெரிந்தது. ஆட்டின் ராணிக்காகக் காத்திருக்கிறாள்.

அவரிடம் இருந்தது. இறக்கினார்.

மகள் அதைப் பாய்ந்து எடுத்துக்கொண்டு "டிக்!" என்று ஆட்டத்தை முடித்தாள். கையைத் தட்டிச் சிரித்தாள்.

அவருக்குள் எதுவோ இளகியது. தோற்பது இவ்வளவு லேசாக இருக்குமென்று யாரும் சொன்னதில்லை. கிளப்பில் தோற்றதெல்லாம் தோற்பது இல்லை; அது மூழ்குவது. இது மிதப்பது. இப்படியே இவளிடம் தோற்றுக்கொண்டே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

ஒரே ஒரு ஆட்டம் என்றவள் மறுபடி கட்டை நீட்டினாள். அவரும் வாங்கிக் கலைத்தார். ஜன்னலுக்கு வெளியே முதல் தூறல் விழுந்தது.

இந்த முறை அவளுக்கு வேண்டியது இஸ்பேடு ஐந்து. கொஞ்சம் யோசிப்பதுபோலப் பாவனை செய்துவிட்டு இறக்கினார்.

மகள் அதை எடுக்கவில்லை.

கட்டிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகிக்கொண்டு, கையிலிருந்து டைமன் எட்டை இறக்கினாள்.

அவர் எட்டுக்குத்தான் காத்திருந்தார். அது வந்தால் ஆட்டம் அவருடையது.

தற்செயல் என்று நினைக்கப் பார்த்தார். முடியவில்லை. அவள் கையில் டைமன் ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் ஒட்டி உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியும். சேர்ந்துவிட்ட சீட்டை நடுவில் பிய்த்து இறக்கியிருக்கிறாள்.

தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ அவரை வெளியே இழுத்துப் போட்டதுபோல இருந்தது. மழைச் சத்தம் சட்டென்று பக்கத்தில் கேட்டது.

"எனக்கு இதுதான் வேணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வேணுங்கிற சீட்டு கிட்ட வந்தா நீங்க மூச்சு விட மாட்டீங்கப்பா."

எத்தனையோ வருஷம் எத்தனையோ பேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன்கூட இதைச் சொன்னதில்லை. தெரிந்தவன் எதற்குச் சொல்லப்போகிறான்.

"எடுத்துக்கோங்கப்பா" என்றாள் மகள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க ஜெயிச்சு நான் பார்த்ததே இல்ல."

அவர் அந்த முகத்தைப் பார்த்தார். ஏழாவது படிக்கிற முகம். அதில் இருந்த கண்களை அவருக்கு நன்றாகத் தெரியும். அவை சீட்டில் இல்லை. எதிராளியின் மேல், இமைக்காமல், ஒரு பசியுமில்லாமல் இருந்தன. இந்த வயதில் அவருடையவையும் அப்படித்தான் இருந்திருக்கும். பசி பிறகுதான் வரும்.

வேனில் ஏன் இவளை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை என்பது இப்போது முழுசாகக் காதில் விழுந்தது.

மாடிப்படியில் மனைவியின் செருப்புச் சத்தம் இறங்கி வந்துகொண்டிருந்தது.

டைமன் எட்டு தரையில் அப்படியே கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. தன் கையிலிருந்த சீட்டுகளை அதன்மேல் கவிழ்த்து வைத்தார். சலித்துப்போன வாத்தியார் ஒருவர் மக்குப் பிள்ளையின் விடைத்தாளை மூடிவைப்பதுபோல வைத்தார். முகத்தையும் அதற்கேற்ப வைத்துக்கொண்டார். எந்த மேசையிலும், எத்தனை பெரிய ஆட்டத்திலும், இப்படி ஒரு முகத்தை வைத்துக்கொள்ள அவர் பாடுபட்டதில்லை.

"சேர்ந்த சீட்டைப் போய் யாராவது இறக்குவாங்களா? உனக்குச் சீட்டு வராதும்மா. சுத்தமா வராது. விட்டுடு."

மகள் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மூச்சை இழுத்தார். விட்டார். மறுபடி, ஒன்றுமே இல்லாததுபோல, இழுத்தார்.