ஆப்பியில் போட்ட சங்கிலி

“சங்கிலிய ஆப்பியில போட்டுட்டா, மாப்ள.”

இருசப்பன் மாமா இதைச் சொல்லிவிட்டு, தே தாரிக் டீயைத் தள்ளி வைத்தார். திருச்செல்வத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆப்பி என்றால் மலாயில் நெருப்பு. நம்மவர்கள் பேச்சில் மலாய் கலப்பது புதிதில்லை. ஆனால் தங்கச் சங்கிலியை யாராவது நெருப்பில் போடுவார்களா?

“உருக்கிட்டாளா?”

“போட்டாச்சுன்னு சொல்லச் சொன்னா. மேல கேக்க எனக்கு வாய் வரல லா.”

அவருடைய அக்காள் மகள் உஷாராணி, திருச்செல்வத்தின் மனைவி. கோபித்துக்கொண்டு ராசா ஊரிலுள்ள தாய்வீட்டுக்குப் போய் மூன்று மாதமாகிறது. அவளுக்கு ரவாங்கில் ஒரு மருந்து ஆலையில் வேலை. மாத்திரை செய்கிற கம்பெனியைவிட, மாத்திரைக்குள் போகும் மூல மருந்தைச் செய்கிற கம்பெனிதான் முன்னேறும், அதில் பங்கு வாங்குவோம் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

“மாத்திரையில பாதிக்கு மேல வெறும் மாவுதாங்க. உள்ள இருக்கிற மருந்துக்குத்தான் மதிப்பு.”

“பங்கும் நாலு நம்பர் லாட்டரியும் எனக்கு ஒண்ணுதான். சூதாடுற பொம்பளைக்கு இந்த வீட்டுல இடமில்ல” என்று ஒரே போடாகப் போட்டான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் திருச்செல்வம். அவனுக்கு எதிரி வெளியில் இல்லை, வாயில்தான் இருந்தது. அவள் கல்யாணச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

போன வாரம்தான் அவன் இறங்கி வந்தான். சங்கிலியை மாமா கையில் கொடுத்து, “இத அவ இஷ்டப்படி செய்யட்டும். வீட்டுக்கு வந்தாப் போதும்” என்று சொல்லி அனுப்பினான். அதற்குப் பதில்தான் இந்த ஆப்பி.

“வர்றேன்னு ஏதாச்சும் சொன்னாளா, மாமா?”

“சிரிச்சா, மாப்ள. இத்தன நடந்தும் சிரிக்கிறா! எனக்கே பத்திக்கிட்டு வந்துச்சு.”

தஞ்சோங் காராங் டீக்கடையிலிருந்து வீடு வரும்வரை திருச்செல்வம் பொருமிக்கொண்டே வந்தான். நேராக அலமாரியைத் திறந்தான். அவளுடைய கூறைப்புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. அழுதுவிட்டால் கோபம் போய்விடும் என்பதற்காகவே அழாமல் இருந்தான்.

“அவ போட்டா நான் போட மாட்டேனா?”

கொல்லையில் குப்பை எரிக்கும் பீப்பாயில் புடவையைப் போட்டுத் தீ வைத்தான். அது முழுசாக எரிந்து முடியும்வரை அங்கேயே நின்றான்.

உள்ளே போன் அடித்தது. உஷாராணி.

“மாமா சொன்னாரா?”

“சொன்னாரு. ஆப்பியில போட்டுட்டியாமே!”

“ஆப்பியா?” அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஐயோ, அது ஏ.பி.ஐ.ங்க! மூல மருந்துக்கு எங்க ஆபீஸ்ல அதான் பேரு. சங்கிலிய வித்துப் பங்கு வாங்கிட்டேன். ‘இதுலதான் போட்டேன்’னு போன்ல அந்த மூணு இங்கிலீஷ் எழுத்தக் காட்டுனேன். மாமா அத மலாய்னு நெனச்சுப் படிச்சிட்டாரு! உங்க மனசு மாறுனதே எனக்குப் போதும். நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க.”

அவன் கதவு வழியே கொல்லைப் பீப்பாயைப் பார்த்தான்.

“வரும்போது என் கூறைப்புடவைய மறக்காம எடுத்துட்டு வாங்க. அதக் கட்டிக்கிட்டுத்தான் நம்ம வீட்டுக்கு வருவேன்.”