எழுபது வரைக்கும்

வெர்ஜில் செத்துப்போனாலும் ஜெயித்துவிட்டார். அரசு ஓய்வூதிய அலுவலகத்தில் தன் எண்ணைக் கூப்பிட்டதும் நேடீன் அந்த நினைப்போடுதான் எழுந்தாள். வெளியே நெப்ராஸ்காவின் பனி. தோளில் அவருடைய தானியக் கிடங்குக் கோட்டு.

இளம் அதிகாரி ஓர்ட்டேகா திரையைப் பார்த்துப் புருவம் உயர்த்தினாள். "உங்க வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் பென்ஷன் கேட்கவே இல்லையே, மேடம்?"

"எழுபதுல கேட்கறதா இருந்தார். அதுக்கு ரெண்டு மாசம் இருக்கும்போதே போயிட்டார்."

"பரவாயில்ல. தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாசத்துக்கும் தொகை ஏறியிருக்கு. அது உங்களுக்கு வரும்."

இதற்காகத்தான் அவ்வளவும். இதயம் பழுதாகிவிட்டது, வேலையை விடு என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. வெர்ஜில் கேட்கவில்லை.

"வேலையை விட்டா பென்ஷனை இப்பவே வாங்கணும். இப்ப வாங்கினா கம்மி. நான் போனப்புறம் உனக்கும் அதே கம்மிதான். மறுபடியும் ஆஸ்பத்திரியில தரை துடைக்கப் போறியா?"

"பிணத்தைத் தூக்கறதுக்கு அது தேவலை, வெர்ஜில்."

"எழுபதுக்கு முன்னாடி சாகற அளவுக்கு நான் ஊதாரி இல்லடி."

தினமும் கிடங்கின் நூற்றுப் பதினான்கு படிகள். போன மாதம் பாதிப் படியில் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

"இதுக்கு முன்னாடி கல்யாணம் ஆகியிருக்கா?" ஓர்ட்டேகா தட்டச்சு செய்தபடியே கேட்டாள்.

நேடீனின் கை தானாகத் தாடைக்குப் போனது. அன்று உடைந்த எலும்பு அங்கே சரியாகக் கூடவே இல்லை. "கேரி புரூக்மன். பதினாலு வருஷம். ஒமாஹாவுல ரெண்டு கார் ஷோரூம் வச்சிருந்தான்."

"உயிரோட இருக்காரா?"

"தெரியாது. அவன் பேரையே எங்க வீட்ல எடுக்கறதில்ல."

"வெர்ஜிலைக் கட்டிக்கிட்டப்ப உங்க வயசு?"

"அறுபத்தொண்ணு. ஏழு வருஷம் ஆச்சு."

"அறுபதுக்கு அப்புறம்," என்று முணுமுணுத்த ஓர்ட்டேகா நிறையத் தட்டினாள். பிறகு தட்டுவதை நிறுத்தினாள்.

"மேடம், பத்து வருஷத்துக்கு மேல வாழ்ந்து விவாகரத்து ஆனவங்களுக்கும், அந்தப் புருஷன் செத்தா இந்தப் பணம் உண்டு. அறுபதுக்கு அப்புறம் வேற கல்யாணம் பண்ணியிருந்தாலும் உண்டு. ஆனா ரெண்டு பேரோடதும் சேர்த்துத் தர மாட்டோம். எது பெருசோ அதுதான்."

"அப்ப வெர்ஜிலோடதைக் குடுங்க."

"கேரி இறந்துட்டார். அவரோடது மாசம் எண்ணூறு டாலர் அதிகம்."

நேடீன் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "வெர்ஜில் இருக்கும்போதே நான் வந்து கேட்டிருந்தா?"

"அப்பவும் வந்திருக்கும். வீட்டுக்காரர் உயிரோட இருக்கறது இதுக்குத் தடை இல்ல."

"எப்பத்திலேருந்து?"

ஓர்ட்டேகா அந்தக் கோட்டில் தைத்திருந்த பெயரைப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"கேரி செத்ததிலேருந்தே, மேடம். மூணு வருஷமா."