முதுகில் ஒட்டிய மீன்

கடற்பசுவின் முதுகில் அந்த ஒட்டுமீன் குடியேறி மூன்று வருஷமாகிறது. விஞ்ஞானி மரியபுஷ்பம் கேமராவோடு கடலுக்குள் முங்கும்போதெல்லாம் அது முதுகின் நட்டநடுவே போய், கல்யாண வீட்டில் படத்துக்கு நிற்கிற சித்தப்பா மாதிரி விறைப்பாக ஒட்டிக்கொள்ளும்.

“என்னைப் படம் எடுக்காம அந்தம்மாவுக்குப் பொழுதே போகாதுக்கா” என்றது அன்றைக்கும்.

கடற்பசு புல் மெல்வதை நிறுத்தியது. “முப்பது வருஷமா அவங்க எங்களைத் தழும்பை வச்சுத்தான்டா அடையாளம் கண்டுக்கிறாங்க. அவங்க முதமுதல்ல பார்த்தது என்னைத்தான். முதுகுல பிறை மாதிரி ஒரு தழும்பு. இப்ப மூணு வருஷமா என்னைத் தேடுறாங்களாம். செத்துட்டேன்னே நினைச்சுட்டாங்கன்னு ஆமை சொல்லுது. இன்னிக்கோட அவங்களுக்கு ஓய்வு வேற.”

“தழும்பா? இங்க அப்படி எதுவும் இல்லையே. நான்தான் இருக்கேன்.”

அதற்குள் மரியபுஷ்பம் வந்துவிட்டார். கடலில் எந்த உயிரையும் அவர் தொடமாட்டார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒட்டுமீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு போஸ் கொடுத்தது. இரண்டு படம் எடுத்துவிட்டு, அவர் தோள் தொங்கத் திரும்பிப் போகப் பார்த்தார்.

கடற்பசு முதுகை ஓர் உலுக்கு உலுக்கியது. ஒட்டுமீன் ஒரு சாண் வழுக்கிப் போய் மறுபடி ஒட்டிக்கொண்டது. அது இருந்த இடத்தில் பிறைத் தழும்பு பளிச்சென்று தெரிந்தது.

மரியபுஷ்பத்தின் வாயிலிருந்து குமிழிகள் கொத்துக்கொத்தாகக் கிளம்பின. கேமராவை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

“பார்த்தியாக்கா” என்றது ஒட்டுமீன். “நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்ததுக்கே கும்பிட்டுட்டாங்க.”