சால்வைக்கு ஆளில்லை

"மேடம், இன்னும் ஒரு ரெண்டு வருஷம் எங்களைப் பட்டியல்லயே வச்சிருங்க. கஷ்டம் தீரலைங்க."

கவிதா சொன்னது புதிதல்ல. காலையிலிருந்து அனுராதா ஏறி இறங்கிய எட்டு வீட்டிலும் இதே பாட்டுதான்.

திருத்தணி மலையடியில் இருந்த அந்தத் தெருவில் பத்து இளம் குடும்பங்களைக் கைதூக்கிவிட, அனுராதாவின் தொண்டு நிறுவனம் இரண்டு வருஷமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக்கு கிரைண்டர், ஒரு வீட்டுக்குத் தையல் மிஷின். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தெருக்கோடியில் ஒரு காப்பகம், அதற்கு ஓர் ஆயா. பட்டியலில் பத்துக் குடும்பம் இருக்கும்வரை காப்பகம் நடக்கும். தேறிய குடும்பத்துக்குச் சால்வை போர்த்திப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அனுராதாவின் பையில் சால்வைகள் இருந்தன. ஒன்றுக்கும் மடிப்பு கலையவில்லை.

"கிரைண்டர் எங்கே கவிதா?"

"ரிப்பேருங்க."

"பாலமுருகன்?"

"வீட்டுக்காரர் வேலை தேடிக்கினு அலையறாருங்க. இருங்க, வெயில்ல வந்திருக்கீங்க, மோர் கொண்டாறேன்."

பக்கத்து வீட்டில் கடகடவென்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. கவிதா கொல்லைப்பக்கமாகப் போய்ச் சொம்போடு திரும்பி வந்தாள். அனுராதா ஒரு வாய் குடித்தாள். பல் கூசியது.

"ஜில்லுனு இருக்கே."

"பானைத் தண்ணிங்க."

"பானையில ஐஸ்கட்டியும் ஊறுதா?"

கவிதா சொம்பை எட்டிப் பார்த்தாள். அப்புறம் கூரையைப் பார்த்தாள்.

சமையலறை மூலையில் தரை மட்டும் ஒரு சதுரத்துக்குப் புதுசாக இருந்தது, அதன் நாலு மூலையிலும் கனமான எதுவோ நின்ற தடம். அனுராதா அதைக் குனிந்து பார்த்தாள். சொம்பைப் பிடித்தபடியே கொல்லை வழியாகப் பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.

அது கெங்கம்மாள் வீடு. சாயங்காலமானால் மலைப்படியில் பூ விற்கிறவள், தனியாள். பட்டியலில் அவள் பெயர் கிடையாது. அவள் கூடத்தில் சுவரோரமாக ஐந்து ஃபிரிட்ஜ் நின்றன. மூன்று டிவி, இரண்டு வாஷிங் மெஷின், பாயின் மேல் வரிசையாக மிக்சிகள். மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. நடுவில் கவிதாவின் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாலமுருகன் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான்.

"வேலை கிடைச்சிடுச்சா பாலமுருகன்?"

அவன் கிரைண்டரை நிறுத்தினான்.

"இதெல்லாம் யாருது?"

"என்துதாம்மா," என்றாள் கெங்கம்மாள், பூத்தொடுப்பதை விடாமல்.

"ஒண்டி ஆளுக்கு அஞ்சு ஃபிரிட்ஜா?"

"வெயில் அப்படி."

அனுராதா பட்டியலை எடுத்துப் பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள். "ஒன்பது வீடும் கூட்டு. ஒன்பது பேரையும் அடிக்கப்போறேன். சால்வைகூடக் கிடையாது."

"பத்தாவது வீட்டையும் பாத்துட்டு அடிங்க," பின்னாலேயே வந்திருந்த கவிதா சொன்னாள்.

"சினேகா வீடுதானே? பூட்டியிருந்துச்சு."

"ஆங். அது புருஷன் எங்கியோ போயிட்டான், போனை எடுத்தே ஆறு மாசமாவுது. மூணு வாரமாத்தான் விடிகாலை லோக்கல் புடிச்சி திருவள்ளூர்ல கம்பெனிக்குப் போயிக்கினு இருக்குது. வர ஏழு மணி ஆயிடுது."

"குழந்தை?"

கவிதா தெருக்கோடியைக் காட்டினாள். காப்பகத்து வாசலில் ஒரே ஒரு தொட்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"மத்த பிள்ளைங்கள்லாம்?"

"ஸ்கூல் போவ ஆரம்பிச்சிடுச்சிங்க. எங்கள்ல ஒரு பேரை அடிச்சாக்கூட ஆயாவை நிறுத்திடுவீங்க. அப்புறம் சினேகா எப்படி வேலைக்குப் போவும்?"

"நீங்க ஆளுக்கொரு நாள் பாத்துக்கக் கூடாதா?"

"எங்கங்க நேரம்? ஒன்பது வீட்லயும் தொழில் பிச்சிக்கினு போவுது." சொல்லிவிட்டுக் கவிதா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பாலமுருகன் தலையில் அடித்துக்கொண்டான். கெங்கம்மாள் மட்டும் பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள்.

அனுராதா பட்டியலை ஒரு ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். ஒன்பது பெயருக்கு எதிரிலும் 'இன்னும் தேறவில்லை' என்று நிதானமாக எழுதினாள். பிறகு மிச்ச மோரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிதாவிடம் நீட்டினாள்.

"அடுத்த வாரம் எங்க டைரக்டர் வர்றாரு. அவருக்காவது மோரை வெதுவெதுன்னு குடு."