சுகோயா, மிக்கா?

கிராகோவ் விமான மியூசியத்தில் ராடெக் தப்புத்தப்பாகவே பேசினான்.

“யாக்னா, இது சுகோய்தானே?”

“ஐயோ, மிக்-21! முக்கோண இறக்கை தெரியலையா?”

அம்மாவின் புதுக் கணவன் ராடெக்கோடு ஒரு வருஷமாகப் பேசாத பத்து வயதுப் பெண் யாக்னா, அவன் கையைப் பிடித்து விமானம் விமானமாக இழுத்துக்கொண்டு போய் விளக்கினாள். அம்மா பொஷெனா நம்பமுடியாமல் பின்னால் நடந்தாள்.

மதியம் ஓட்டலில், பியெரோகிக் கொழுக்கட்டை வாங்க யாக்னா வரிசைக்குப் போனதும் பொஷெனா கேட்டாள்.

“பன்னிரண்டு வருஷம் விமானப்படையில இதே மிக்கைக் கழட்டி மாட்டின ஆளு நீ! இதென்ன கூத்து?”

“எனக்குத் தெரியும்னு காட்டியிருந்தா, அவ எங்கிட்ட வாயைத் திறந்திருப்பாளா?”

தட்டோடு வந்த யாக்னா, ராடெக் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நாளைக்கு இன்னொரு மியூசியம் போலாம். உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியது நிறைய இருக்கு!”