இன்னும் நாலு விநாடி

எழுந்தான். பல் துலக்கினான். ஒரு கப் காபி போட்டுக் குடித்தான். கப்பைக் கழுவிக் கவிழ்த்தான். ஜன்னலைச் சாத்தினான். தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

எட்டரைக்கு ஸ்டூடியோ. செருப்பை வெளியே விட்டு, விளக்கைப் போட்டு, கணினியைத் திறந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். வேலை தொடங்குமுன் அந்தச் சிரிப்பை ஒரு முறை கேட்டான்.

பதினோரு விநாடி.

எட்டு மாதமாக இதுதான் அவன் காலை. சிலர் செய்தித்தாள் படிப்பதில்லையா, அப்படி.

சினிமாவுக்கு ஒலி சேர்ப்பது அவன் வேலை. அவன் மனைவி குரல் கொடுத்தவள். கதாநாயகிக்கு இல்லை, கூட்டத்துக்கு. கடைவாசலில் சண்டை போடுகிறவள், ஆஸ்பத்திரி வராந்தாவில் விம்முகிறவள், பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்கிறவள், எல்லாம் அவள்தான். இருபத்தெட்டு வயதில் பள்ளிக்கூடப் பெண்ணாகவும் சிரிப்பாள்.

கடைசியாகச் சிரித்தது, இப்போது அவன் ஒலி சேர்த்துக்கொண்டிருக்கும் இந்தப் படத்துக்கு.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அண்ணனின் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு வருகிறாள். அளவு பெரிது. நடந்தால் டொப் டொப்பென்று சத்தம். நாலு பெண்கள் அதே சத்தத்தை வாயால் போட்டபடி பின்னாலேயே வந்து சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு சினிமாவில் நடக்க வேண்டியதெல்லாம் நடக்கிறது. மொட்டைமாடி. மழை. செத்தவளின் அம்மா முன்னால் நாலு பேரும் மண்டியிட்டுக் கதறுகிறார்கள்.

காட்சித் தாளைப் படித்துவிட்டு, நாலு பேருமா அழுவாங்க என்று அவள் கேட்டாள். சினிமாவில் அழத்தானே வேண்டும் என்றான் அவன். அவள் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

டிவியில் இந்த மாதிரிக் காட்சி வந்தாலே எழுந்து போய்விடுவாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். பள்ளிக்கூடத்தில் யாரோ இவளைப் படுத்தி எடுத்திருக்கிறார்கள் என்று அவனாகவே முடிவுகட்டிக்கொண்டான். கிளற வேண்டாம் என்று விட்டான். அதில் தன்னைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தத் தாளைப் படித்த மறுநாள், குரல் பதிவு முடிந்து, ஸ்டூடியோ படியில் இறங்கும்போது அவள் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். கிளம்பும்போது பேச்சில்லை, கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள் என்றார் ஒலிப்பதிவாளர். நல்லாத்தான் சிரிச்சாங்க தம்பி என்றும் சொல்லிவிட்டு, வேறெங்கோ பார்த்தார்.

கடைசியா என்ன சொன்னா மாப்ளே என்று மாமியார் கேட்டார்.

அன்று காலை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னதைச் சொன்னான்.

“ஜன்னலைச் சாத்திட்டுப் போங்க.”

இன்னும் ஏதோ வரும் என்று மாமியார் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சினிமாவில் சாகிறவர்கள் உச்சரிப்புப் பிசகாமல் ஒரு பக்கம் பேசிவிட்டுத்தான் கண்ணை மூடுவார்கள். அவர்களுக்கு நடுநடுவே இருமிக் கொடுத்துக் கைநிறையச் சம்பாதிக்கிறேன் என்று அவளே கிண்டல் செய்திருக்கிறாள்.

அவனிடம் வேறெதுவும் இல்லை. அன்றைக்கு ஜன்னலைச் சாத்தவும் மறந்திருந்தான்.

பத்து மணிக்கு இயக்குநர் வந்தார்.

இந்தச் சிரிப்பில் வில்லத்தனமே இல்லையே, பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி சிரிக்கிறாளே என்று முதலில் குறைப்பட்டவர் அவர்தான். போன வாரம் ஐம்பது பேருக்குப் போட்டுக் காட்டியபோது, அந்தச் சிரிப்பு வந்த இடத்தில் ஒருவர்கூட இருமவில்லை. அதிலிருந்து மனிதர் தலைகீழாக மாறிவிட்டார்.

“தம்பி, அந்தப் பொண்ணு மாடிக்கு ஏறி முடிக்கிற வரைக்கும் இது துரத்தணும். இன்னும் நாலு செகண்ட் இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா வேற பொண்ணை வெச்சு முழுசா எடுத்துக்கலாம்.”

அது யார் சிரிப்பு என்று அவருக்குத் தெரியாது. கூட்டத்துக்குக் குரல் கொடுப்பவர்களின் பெயரைத் திரையில் போடுவதில்லை.

இருக்கு சார் என்றான். அவர் டீ குடிக்கப் போனார்.

திரையில் அந்தச் சிரிப்பு ஒரு நீலப் பட்டை. வலது ஓரத்தை வெட்டியவன் அவன்தான். ஒலியலை தணிகிற இடத்தைக் கண்ணால் பார்த்தே வெட்டினான், காதால் கேட்கவில்லை. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் மிச்சம் வெளியே வரும். எட்டு மாதமாக இழுக்கவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாதவரை அவளிடமிருந்து இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. கேட்டுவிட்டால் தீர்ந்துவிடும்.

கேட்காவிட்டால் வேறு யாரோ வந்து சிரிப்பாள்.

இழுத்தான்.

சிரிப்பு ஒரு விநாடிகூட நீளவில்லை. பிறகு மூச்சு. காகிதம் மடிகிற சத்தம். அவள் காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனிலிருந்து ஒலிப்பதிவாளரின் குரல் எறும்பு போல ஊர்ந்து வந்தது. பிரமாதம்மா, நடிப்புன்னே தெரியல, எங்க கத்துக்கிட்டீங்க என்று கேட்டது.

அவள் பதில் சொன்னாள்.

அது எந்தக் கூட்டத்துக்கும் கொடுத்த குரலாக இல்லை. வீட்டில் அவனோடு பேசுகிற குரல்.

“ஸ்கூல்லதான் சார். ஒரு பொண்ணு அழறப்போ இப்படித்தான் சிரிச்சேன். அவ பேருதான் எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது.”